திருமலைக்கு ஒரு கேமிங் பிசி: பட்டியலில் எதை வெட்டுவது?

கொழும்பில் வாங்கித் திருமலைக்கு (திருகோணமலைக்கு) அனுப்பும் பிசியின் பட்டியல் பட்ஜெட்டைத் தாண்டுகிறது, எதை வெட்டலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டில் கை வைக்காதீர்கள். மாற்ற வேண்டியது ரைசன் 5 5600ஜி பிராசஸர். அதற்குப் பதில் வெறும் 5600 போடுங்கள்.

பட்ஜெட் தாண்டுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 5600ஜிக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, தனிக் கார்ட் போட்டதும் அது சும்மா கிடக்கும். எல்3 கேஷும் (பிராசஸருக்குள் இருக்கும் வேகமான சிறு நினைவகம்) 16 எம்பிதான், 5600இல் 32. இரண்டுக்கும் விலை கேட்டுப் பாருங்கள். ராமை ஒரே 16 ஜிபியாக எடுக்காமல் 8 ஜிபி இரண்டாக எடுங்கள்.

எனக்குப் பெரிய கவலை, கேசிங்கோடு தருவதாகச் சொல்லும் அந்த "500 வாட்" பவர் சப்ளைதான். வாங்குமுன் அதன் லேபிளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். +12வி (12 வோல்ட்) வரிசையில் உள்ள ஆம்பியரை 12ஆல் பெருக்குங்கள். 20 ஆம்பியர் என்றால் கார்டுக்கும் பிராசஸருக்கும் கிடைப்பது 240 வாட்தான். கார்ட் மட்டுமே 132 வாட் இழுக்கும், பிராசஸர் முழு வேலையில் 76 வரை போகும், இடையிடையே திடீர் ஏற்றமும் வரும். 30 ஆம்பியருக்குக் குறைந்தால் வேண்டாம். கார்டுக்கான 8 பின் வயரும் இருக்க வேண்டும். மிச்சம் பிடித்த காசை நல்ல 550 வாட் ஒன்றில் போடுங்கள்.

ஒன்று கவனம்: தனிக் கார்ட் இல்லாமல் 5600இல் திரையில் படம் வராது. கார்டைப் பிறகு வாங்குவதாக இருந்தால் 5600ஜியே சரி. அப்புறம், பி450 மதர்போர்ட் பழைய ஸ்டொக்காக இருந்தால் பயோஸ் (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் இல்லாமல் ஓன் ஆகாமல் போகலாம். கொழும்பில் பஸ்ஸில் ஏற்றுமுன் கடையிலேயே அப்டேட் செய்து, பிராசஸரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.