வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும்: கேள்வி பதில்

போன வாரம் சொன்னபடி, கேலக்ஸிகளின் சுழற்சியை அளந்த அமெரிக்க வானியலாளர் வேரா ரூபின் (1928–2016) பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

நிலாமுற்றம்: ரூபின் மொத்தம் எத்தனை ஆய்வுக் கட்டுரை எழுதினார்?

எண்ணிக்கையை விடுங்கள் அம்மா. கட்டுரையை எண்ணி ஆளை எடைபோட வேண்டாம்; எதில் யார் என்ன அளந்தார்கள் என்று பாருங்கள். 1980-இல் 21 கேலக்ஸிகள், 1982-இல் 23, 1985-இல் 16. மூன்று கட்டுரை, ஆனால் 60 சுருள் கேலக்ஸிகளைப் பற்றிய ஒரே வேலை. மூன்றிலும் கென்ட் ஃபோர்டும் நார்பர்ட் தொனார்டும் கூடவே இருக்கிறார்கள். பின்னிரண்டில் டேவிட் பர்ஸ்டீனும் சேர்ந்துகொள்கிறார்.

சிவா82: ஃபோர்டா? கேள்விப்பட்டதே இல்லையே.

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். வாஷிங்டனில் கார்னகி நிறுவனத்தில் ரூபினோடு வேலை பார்த்தவர், கருவி செய்கிறவர். கேலக்ஸியின் ஓரத்து வெளிச்சம் மிக மங்கல். ஃபோர்டின் நிறமாலைக் கருவியில் இருந்த இமேஜ் ட்யூப் அந்த மங்கலைப் பெருக்கிக் கொடுத்தது. வெறும் ஒளித்தட்டுக்கு (படம் பதியும் கண்ணாடித் தட்டு) பத்து மணி நேரம் பிடிப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

தட்டில் என்ன தெரியும்? ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு, அலைநீளம் 6563 ஆங்ஸ்ட்ராம் (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் மிகச் சிறிய அலகு). கேலக்ஸியின் ஒரு பக்கம் நம்மை நோக்கி வருகிறது, மறுபக்கம் விலகுகிறது. அதனால் கோடு நடுவில் சடக்கென்று மடங்கும். நொடிக்கு 200 கி.மீ. வேகத்துக்குக் கோடு நகர்வது சுமார் 4.4 ஆங்ஸ்ட்ராம்தான். அதை நுண்ணோக்கி வைத்து அளக்க வேண்டும்.

சூரியக் குடும்பத்தில் புதன் நொடிக்கு 47 கி.மீ. ஓடுகிறது, நெப்டியூன் 5.4 கி.மீ. தூரம் போகப் போக வேகம் குறையும். கேலக்ஸியிலும் கோடு ஓரத்தில் நடுவை நோக்கித் திரும்பும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். திரும்பவில்லை, விளிம்பு வரை நேராகப் போனது. அந்த வேகத்தைக் கட்டிப்பிடிக்க அங்கே தெரிகிற விண்மீன்களின் நிறை போதாது. கண்ணுக்குத் தெரியாத அந்த மீதி நிறையைத்தான் கரும்பொருள் (dark matter) என்கிறார்கள்.

குமரன்: கரும்பொருள் என்றால் கருந்துளைதானே?

இல்லை. இரண்டும் வேறு.

மலர்விழி: நோபல் பரிசு ஏன் கொடுக்கவில்லை?

காரணத்தைக் குழு சொன்னதில்லை. அவர் 2016 டிசம்பர் 25 அன்று இறந்தார், இனி விதிப்படி கொடுக்கவும் முடியாது. என்னைக் கேட்டால், ரூபினுக்கும் ஃபோர்டுக்கும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும்.

கணக்கு வாத்தியார்: கரும்பொருளை ரூபின் கண்டுபிடித்தார் என்பதே தப்பு. ஸ்விக்கி 1933-லேயே சொல்லிவிட்டார்.

சார், பாதி சரி. கோமா என்கிற கேலக்ஸிக் கூட்டத்தில் நிறை போதவில்லை என்று வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி சொன்னது உண்மை. 1939-இல் ஹொரஸ் பாப்காக்கும் நமக்கு அருகிலுள்ள பெரிய கேலக்ஸியான ஆண்ட்ரோமீடாவின் வெளிப்பகுதி வேகமாகச் சுற்றுவதை அளந்தார். ஆனால் அப்போது அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

கணக்கு வாத்தியார்: ஆல்பர்ட் போஸ்மாவை மறந்துவிட்டீர்களே!

மறக்கவில்லை சார், நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. ரூபினும் ஃபோர்டும் செய்தது போல ஒளியில் எடுத்த அளவு விண்மீன் வெளிச்சம் தீருகிற இடத்தோடு நின்றுவிடும். அதற்குள் மட்டும் பார்த்தால், பல கேலக்ஸிகளில் தெரியும் நிறையை வைத்தே கணக்கை ஏறக்குறைய நேர்செய்யலாம் என்று 1980களில் காட்டினார்கள். ஹைட்ரஜன் வாயு அதற்கும் வெளியே பரவிக் கிடக்கிறது, அதை ரேடியோ தொலைநோக்கிதான் பார்க்கும். நெதர்லாந்தில் வெஸ்டர்போர்க் தொலைநோக்கி வைத்துப் போஸ்மா 1978 ஆய்வேட்டில் 25 கேலக்ஸிகளைக் கொடுத்தார். அங்கேயும் வேகம் குறையவில்லை. இரண்டு தரப்பும் சேர்ந்துதான் வழக்கு தீர்ந்தது. ஒரே ஆள் கண்டுபிடித்ததாக எழுதாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ரவி_கே: நோபல் ஏன் கிடைக்கவில்லை?

மேலே பாருங்கள்.

தாரகை: ஆண்ட்ரோமீடாவைப் பார்க்க எந்தத் தொலைநோக்கி வாங்கலாம்?

தொலைநோக்கி விலை விவரம் என் துறை இல்லை, கடைக்காரரைக் கேளுங்கள். ஆண்ட்ரோமீடாவுக்குப் பைனாகுலர் போதும். நவம்பரில், நிலா இல்லாத இரவில், ஊர் வெளிச்சம் தாண்டிப் போங்கள்.

அன்பு: நோபல்...

தம்பி, இது மூன்றாவது தடவை.

கணக்கு வாத்தியார்: கடைசியாக ஒன்று. 1970 ஆண்ட்ரோமீடா கட்டுரையில் ரூபினும் ஃபோர்டும் கரும்பொருள் என்று முடிவுகட்டினார்களா?

இல்லை சார். 67 வாயு மேகங்களின் வேகத்தை நடுவிலிருந்து 24 கிலோபார்செக் (ஒன்று சுமார் 3,260 ஒளியாண்டு) வரை அளந்தார்கள். அதற்கு அப்பால் வேக வரைபடத்தை எப்படி நீட்டுவது என்பது அவரவர் ரசனை என்று எழுதி அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள்.