கிராஸ் மாற்றியபின் மூட்டு இறுக்கம்

கேள்வி: வண்டியின் புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் (கியர்பாக்ஸிலிருந்து அச்சுக்குச் சுழற்சியைக் கடத்தும் தண்டு) உள்ள யூனிவர்சல் ஜாயின்ட் மூட்டின் கிராஸை (நடுவிலுள்ள சிலுவை வடிவத் துண்டு) வீட்டிலேயே மாற்றினேன். ஒரு பக்கம் சர்க்ளிப் (பேரிங் கப்பைப் பூட்டும் வளையம்) காடியில் உட்காரவில்லை. ஏன்?

பதில்: பெரும்பாலும் பேரிங்கின் ஊசி ஒன்று சரிந்து கப்பின் (கிராஸின் காம்பு முனையை மூடும் கிண்ணம்) அடியில் குறுக்கே கிடக்கும். மேலும் அழுத்தாதீர்கள், கப் விரிசல் விடும். கழற்றி, ஊசிகளை எண்ணிப் பாருங்கள்; எல்லாக் கப்பிலும் ஒரே எண்ணிக்கை வேண்டும். உள்சுவரில் கெட்டி கிரீஸ் பூசி ஊசிகளை ஒட்டவையுங்கள். வைஸில் அழுத்தும்போது கிராஸின் காம்பைக் கப்புக்குள் நுழைத்தே பிடித்திருங்கள். காம்பு தாங்கினால் ஊசி சரியாது. காடியில் துரு, அழுக்கு இருந்தாலும் சர்க்ளிப் இறங்காது, சுரண்டிவிடுங்கள்.

சர்க்ளிப் உட்கார்ந்தும் மூட்டு இறுக்கமாக இருந்தால், யோக்கின் (கிராஸைப் பிடித்திருக்கும் கவை) காதில் செம்புச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். கப்புகள் வெளிப்பக்கம் நகர்ந்து சர்க்ளிப்பில் படியும், மூட்டு இளகும். கப்பின் மேல் தட்டவே கூடாது.

ஷாஃப்ட்டைக் கழற்றுமுன் போட்ட குறிகள் நேராகச் சேரட்டும். மாறினால் ஓட்டத்தில் அதிரும்.