கேள்வி – பதில்: மணி அடிக்காத குரல்

மிசோரா ஹிபாரி என்ற ஜப்பான் பாடகியைப் பற்றி அடிக்கடி சிலாகிக்கிறீர்களே, அப்படி என்ன விசேஷம் அவரிடம்?
– வாசகி, காரைக்குடி

யோகோஹாமாவில் மீன் கடைக்காரர் மகளாக 1937-ல் பிறந்தவர். இயற்பெயர் காசுயே காதோ. 1946-ல் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. வானொலியின் பாட்டுப் போட்டிக்குப் போனார். தேறினால் மணி அடிப்பார்கள். இவருக்கு அடிக்கவில்லை. பாட்டில் குறை இல்லை. ஒரு சின்னப் பெண் பெரியவர்களைப் போலவே பாடியது நடுவர்களுக்கு அடுக்கவில்லை.

மூன்றே வருஷத்தில், 12 வயசில், 'கனாஷிகி குச்சிபுவே' படத்தில் கோட்டும் உயரத் தொப்பியுமாக வந்து பாடினார். படமும் பாட்டும் பிய்த்துக்கொண்டு ஓடின. போரில் வீடிழந்த பிள்ளைகள் தெருவில் திரிந்த காலம் அது. படத்திலும் அவர் யோகோஹாமா தெருவில் அலையும் அனாதைதான். அன்றைய ஜப்பானில் பிள்ளைகள் எல்லோருமே வயசுக்கு மீறி முதிர்ந்திருந்தார்கள். அவர்களுடைய குரல் அது. நடுவர்களுக்கு இது எட்டவில்லை என்பது என் கட்சி.

ரசிகையே அவர் மேல் அமிலம் வீசியது நிஜமா?
– வாசகர், ஓசூர்

நிஜம்தான். 1957 ஜனவரி 13, டோக்கியோ அசாகுசாவில் ஒரு தியேட்டர். ஊற்றியவளுக்கு 19 வயசு. முன்பகை ஏதும் இல்லை, தலைக்கேறிய அபிமானம். நல்லவேளை, முகத்தில் தழும்பு நிற்கவில்லை. சீக்கிரமே மேடைக்குத் திரும்பிவிட்டார்.

கடைசிக் காலம் ரொம்பச் சோகமாமே?
– வாசகி, திருநெல்வேலி

கேட்டால் மனசு கனக்கும். எல்லாவற்றுக்கும் கூடவே நின்ற அம்மா 1981-ல் போனார். மறுவருஷம் உயிர்த்தோழியான பாடகி சியேமி எரி. 1983-லும் 1986-லும் தம்பிகள் இருவர், இருவருமே 42 வயசில். 1987-ல் இவரே ஃபுகுவோகாவில் ஆஸ்பத்திரிவாசம்: இடுப்பு மூட்டு எலும்பு செத்துப்போய், கல்லீரலும் கெட்டிருந்தது.

அப்புறம்தான் அந்த அதிசயம். 1988 ஏப்ரல் 11, புத்தம்புதிய டோக்கியோ டோம் அரங்கம், சுமார் 50,000 பேர். மேடைக்குப் பின்னால் கட்டில் போட்டிருந்தது, வெளியே ஆம்புலன்ஸ். உள்ளே ஹிபாரி 39 பாட்டுப் பாடினார். முடிந்ததும், கூட்டத்துக்கு நடுவே நீண்டிருந்த நூறு மீட்டர் நடைமேடையைச் சிரித்த முகமாக நடந்தே கடந்தார். அந்த மூட்டோடு!

1989 ஜனவரி 7-ல் ஹிரோஹிதோ மன்னர் இறந்து, அவர் ஆட்சிக்காலமான ஷோவா யுகம் முடிந்தது. நான்கு நாள் கழித்து 'காவா நோ நாகாரே நோ யோ நி' இசைத்தட்டு வந்தது. ஆற்றின் ஓட்டத்தை வாழ்க்கையாகச் சொல்லும் பாட்டு. ஜூன் 24-ல் அவரும் போனார், 52 வயசில். அரசின் மக்கள் கௌரவ விருது அதற்குப் பிறகுதான் வந்தது. அதைப் பெற்ற முதல் பெண் இவர். விருதுகளுக்கு எப்போதுமே நடை கொஞ்சம் மந்தம்.

ஏஐ மூலம் அவரை மறுபடி பாட வைத்தார்களே, சரியா?
– வாசகர், கோவை

2019-ல், இசைக்கருவிகள் செய்யும் யமாஹாவின் தொழில்நுட்பத்தோடு என்.எச்.கே. செய்தது அது. பழைய ஒலிப்பதிவுகளைக் கொடுத்து இயந்திரத்தைப் பழக்கி, 'அரேகாரா' என்ற புதுப்பாட்டைப் பாட வைத்தார்கள். கேட்டு அழுதவர்கள் உண்டு. பாடகர் தாத்சுரோ யமாஷிதாவோ 'தெய்வநிந்தனை' என்கிற ரீதியில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். பாட்டு போகட்டும். நடுவில் 'ரொம்ப நாளாச்சு' என்று ரசிகர்களிடம் பேசவும் வைத்தார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ஒப்பவில்லை. சொல்லாததை அவர் வாயில் திணிக்க யாருக்கு உரிமை?

எந்தப் பாட்டில் தொடங்கலாம்?
– வாசகி, புதுச்சேரி

'கனாஷீ சாகே', 1966. தனியாகக் குடிக்கும் ஒரு பெண்ணின் பாட்டு. யூடியூபில் காட்சியோடு பாருங்கள்: கன்னத்தில் கண்ணீர் வழிகிறது, சுருதி மயிரிழை பிசகவில்லை. மனசு பாரமானால் 'யாவாரா' கேளுங்கள். ஜூடோ பாட்டு, டோக்கியோ ஒலிம்பிக் வருஷத்தில் வந்தது. முதுகில் தட்டி எழுப்பிவிடும்.