வாசகர் கேள்வி – பதில்: டீச்சர் அத்தையின் தகரப் பெட்டி

கேள்வி: என் அத்தை மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை. கல்யாணமே செய்துகொள்ளாமல் அப்பாவையும் இரண்டு சித்தப்பாக்களையும் படிக்க வைத்தவர். சென்ற தை மாதம் காலமானார். அவருடைய தகரப் பெட்டி நிறையக் கணக்கு நோட்டு, பாஸ்புக், அடகுச் சீட்டு, மணியார்டர் ரசீது. பழைய பேப்பர்காரரிடம் போடச் சொல்கிறார்கள். எதை வைத்துக்கொள்வது?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: ஒன்றையும் போடாதீர்கள். மாலை போட்ட படத்தில் அத்தையின் முகம்தான் இருக்கிறது. ஒரே சம்பளத்தில் நான்கு பேர் எப்படிச் சாப்பிட்டார்கள், படித்தார்கள் என்பது அந்தச் சீட்டுகளில்தான் இருக்கிறது.

முதல் வேலை, குண்டூசி, ஸ்டேபிள், ரப்பர் பேண்டு எல்லாவற்றையும் எடுப்பது. கடற்காற்றில் ஊசி துருவேறித் தாளை அரிக்கும். ரப்பர் இளகி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்டேபிளைப் பிடுங்கினால் தாள் கிழியும். பின்பக்கக் கால்களை நிமிர்த்திவிட்டு மெல்ல உருவுங்கள்.

அடுத்து வருட வாரியாகப் பிரியுங்கள். தேதியில்லாத கடிதங்களுக்கு முகவரி உதவும். ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல். எனவே 600021 என்று இருந்தால் கடிதம் அதற்குப் பிந்தையது. ஆனால் ‘மெட்ராஸ்-21’ என்று இருப்பதாலேயே முந்தையது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பழக்கத்தில் பலர் வெகுகாலம் அப்படியே எழுதிவந்தார்கள். அரசுச் சுற்றறிக்கைகளில் புது ‘லை’, ‘னை’ அச்சாகியிருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு வந்தவை. துதிக்கை வைத்த பழைய எழுத்தைக் கையெழுத்தில் பலர் கடைசிவரை விடவில்லை. அதனால் இந்த அடையாளம் அச்சுக்கு மட்டும்தான்.

பிறகு ஒரு லாங் சைஸ் நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: மாதம், வரவு, செலவு, அந்த மாதம் வீட்டில் நடந்தது. ஜூன் மாதங்களை முதலில் நிரப்புங்கள். பள்ளியும் கல்லூரியும் திறக்கும் நேரம், கை கடிக்கும் நேரம். அடகுச் சீட்டின் தேதியையும் சித்தப்பாவின் கட்டண ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த நகை யாருடைய படிப்புக்குப் போனது என்று தெரியும். அத்தையின் கணக்கு நோட்டில் மாதாமாதம் வந்த ‘வட்டி’ என்ற குறிப்பு எந்த மாதத்தோடு நிற்கிறதோ, அப்போது நகை மீண்டிருக்கும், அல்லது மூழ்கிப்போயிருக்கும். எது நடந்தது என்பதற்கு, பின்னால் எடுத்த கல்யாணப் படங்களில் அத்தையின் கையைப் பாருங்கள். வளையல் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். சித்தப்பாக்களிடம் ‘அத்தை எப்படி இருந்தார்?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘தெய்வம்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ‘பரீட்சை ஃபீஸ் கட்டியது யார், எந்த மாதம்?’ என்று சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.

நியமன உத்தரவையும் சான்றிதழ்களையும் தயவுசெய்து லேமினேஷன் செய்யாதீர்கள். சூடும் பசையும் தாளுக்குள் இறங்கிவிட்டால் பிரிக்க வழியில்லை. வெள்ளைத்தாள் உறையில் போட்டு, தரையிலிருந்து மூன்றடிக்கு மேல் அலமாரியில் வையுங்கள். ராமபாணப் பூச்சி ஈரத்தைத் தேடித்தான் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபேன் காற்றில் விரித்து எடுங்கள். வெயிலில் மட்டும் வேண்டாம், மை வெளுத்துவிடும்.

கேள்வி: 2023 டிசம்பர் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. பள்ளி ஆண்டு விழாவில் பெரியம்மா நிற்கும் படம் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. எப்படிப் பிரிப்பது?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: பிரிக்காதீர்கள். படத்தின் மேல் பூச்சு ஜெலட்டின். ஈரத்தில் அது பசையாகிக் காய்ந்தபோது கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டு, அப்படியே பிரதி எடுங்கள். கடைகளில் இருக்கும் மெல்லிய ஸ்கேனரில் கண்ணாடியின் 2 மி.மீ. கனத்துக்கே படம் மங்கிவிடும். கேமராவோ செல்போனோ போதும்: படத்தைச் சுவரில் நேராகச் சாய்த்து, வெளிச்சம் இரு பக்கத்திலிருந்தும் விழும்படி வைத்து, உங்கள் பின்னால் கறுப்புத் துணி கட்டினால் எதிரொளி விழாது. ஒட்டாத படங்களை 600 டி.பி.ஐ.யிலும் (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு), பாஸ்போர்ட் சைஸ் படங்களை 1200-லும் ஸ்கேன் செய்யுங்கள். புதிதாக ஃபிரேம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அட்டை பார்டர் வைக்கச் சொல்லுங்கள். அந்த இடைவெளி இல்லாததால்தான் ஒட்டியது. படத்தின் பின்னால் பெயர் எழுத பால்பாயின்ட் வேண்டாம், மென்மையான பென்சில் போதும்.

கேள்வி: திருமணமாகாத அத்தையின் வங்கிக் கணக்குக்கு நாமினி இல்லை, உயிலும் இல்லை. அவர் வளர்த்த எங்களுக்கு அது வருமா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: வளர்த்த பாசத்தைச் சட்டம் கணக்கில் எடுக்காது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதலில் பெற்றோர். அவர்கள் இல்லையென்றால் அத்தையுடைய அப்பாவின் வாரிசுகள், அதாவது அத்தையின் உடன்பிறந்தவர்கள். முன்பே இறந்த சகோதரரின் பங்கு அவர் மனைவி, பிள்ளைகளுக்குப் போகும். கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்கு விதி வேறு. நாமினி இருந்தாலும் அவர் பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்ப்பவரே தவிர, உரிமையாளர் ஆகிவிட மாட்டார்.

பத்தாண்டு தொடாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கி நிதிக்குப் போயிருக்கும். அப்போதும் அதே வங்கியில் கேட்டுப் பெறலாம். பாஸ்புக்கில் உள்ள வங்கியே இப்போது இல்லையென்றால் எதனுடன் இணைந்தது என்று பாருங்கள். விஜயா வங்கி 2019-ல் பேங்க் ஆஃப் பரோடாவுடனும், அலகாபாத் வங்கி 2020-ல் இந்தியன் வங்கியுடனும் சேர்ந்தன. பாஸ்புக்கை ஒப்படைக்கும் முன் எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கை முடித்த பிறகு அது உங்கள் கைக்குத் திரும்பாமல் போகலாம்.