டேப் உரிந்ததற்காக சப்ளையர் பில்லை நிறுத்தி வைக்கலாமா?

கேள்வி: ஓசூரில் பவுடர் கோட்டிங் செய்த ஷீட் மெட்டல் பெட்டிகள் செய்கிறேன். ரிவெட்டுக்குப் பதில், ஒன்பது வருடமாகப் பழகிய சப்ளையர் தயாரித்துக் கொடுத்த இருபக்க ஃபோம் டேப்பால் பட்டைகளை ஒட்டினோம். வெயிலில் நின்ற பெட்டிகளில் அது உரிந்துவிட்டது. கஸ்டமர் 6 லட்சத்தைப் பிடித்துக்கொள்வதாக டெபிட் நோட் போட்டுவிட்டார். சப்ளையர் செய்தது துரோகம். அவருடைய 3.8 லட்சம் பில்லை நாலு மாதமாக நிறுத்தி வைத்திருக்கிறேன். கேஸ் போடலாமா?

பதில்: துரோகம், பழக்கம் எதையும் கோர்ட் கேட்காது. பெட்டி எங்கே நிற்கும், எதன்மேல் ஒட்டுவீர்கள் என்று ஆர்டருக்கு முன் அவரிடம் சொன்னீர்களா? 1930 சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 16(1)-இன்படி, உபயோகத்தைச் சொல்லி விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கியிருந்தால்தான் பொறுப்பு அவருடையது. பிராண்ட் பெயர் சொல்லி நீங்களே கேட்டு வாங்கியிருந்தால் அதுவும் இல்லை. நீங்கள் கொடுத்த பர்ச்சேஸ் ஆர்டரில் "இருபக்க டேப், 19 மி.மீ., 60 ரோல்" என்ற ஒரு வரிதான் இருக்கிறது. ஆனால் பெட்டியின் படத்தோடு "வெளியில் நிற்கும், எது தாங்கும்?" என்று வாட்ஸ்ஆப்பில் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேஸே அதுதான்; அந்த போனைப் பத்திரமாக வையுங்கள்.

எனக்குக் கவலை அந்த 3.8 லட்சம். அவர் உத்யம் (மத்திய அரசின் சிறுதொழில்) பதிவுள்ள சிறு உற்பத்தியாளர் என்றால், சரக்கு வந்த 15 நாளுக்குள் நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாதபோது, வந்த நாளே சரக்கை நீங்கள் ஏற்ற நாள்; பணம் கொடுக்கும் கெடு அதிலிருந்து ஓடும். ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளைத் தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் வட்டிக்கு வட்டி. சிறுதொழில் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் அரசு கவுன்சிலில் தீர்ப்பு அவர் பக்கம் போனால், அதை எதிர்த்து மனு போடவே தீர்ப்புத் தொகையில் 75 சதவீதம் கட்ட வேண்டும். நியாயம் தன் பக்கம் என்று நம்பிச் சும்மா இருந்து, வட்டியில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கேயே நஷ்டஈடு கேட்டு எதிர்க்கோரிக்கை வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லியிருக்கிறது. அதற்குச் சாட்சி வேண்டுமே!

உரிந்த டேப்பைச் சுரண்டி எறிந்துவிடாதீர்கள். ஃபோம் கிழியாமல், கோட்டிங்கில் பசையே ஒட்டாமல் முழுசாகக் கழன்றிருந்தால், "ஆல்கஹாலால் துடைக்கவில்லை, பிரைமர் (பசை பிடிக்க முதலில் பூசுவது) போடவில்லை" என்று சப்ளையர் உங்கள்மேல் பழி போடுவார். துடைத்ததற்கு உங்களிடம் ரெக்கார்ட் உண்டா? பத்துப் பெட்டிகளை அப்படியே வையுங்கள். பேட்ச் எண் உள்ள அட்டைக் குழலையும்தான்.

என் கருத்து, கேஸ் வேண்டாம். இந்த வாரமே எழுத்தில் ஆட்சேபம் அனுப்பிவிட்டு உட்கார்ந்து பேசுங்கள். பில்லில் பாதியை அவர் விட்டுக்கொடுத்தாலே ஒத்துக்கொள்ளுங்கள். "வட்டி உட்பட முழுத் தீர்வு" என்று எழுதி, அவர் கையெழுத்தை வாங்கிய பிறகே மீதியைக் கொடுங்கள்.