வெளிநாட்டு அரசியல் காமெடி பாட்காஸ்ட் கேட்டா ஏன் பாதிப் பகிடி விளங்குதில்லை?

உங்கட இங்கிலிஷில பிழையில்லை. அந்தப் பகிடி எல்லாம் அந்தக் கிழமை நியூஸை நம்பித்தான் இருக்கு, நியூஸ் தெரியாட்டி முழிக்கத்தான் வேணும். 'த பியூகிள்' எண்டு ஒரு பாட்காஸ்ட் 2007ல தொடங்கினது, அப்ப ஜோன் ஒலிவர் நியூயோர்க்கில இருந்தும் அண்டி சால்ட்ஸ்மன் லண்டன்ல இருந்தும் கதைச்சவை, ரெண்டு பேரும் பிரிட்டிஷ் காமெடியன்மார், நான் 100 பஸ்ஸில வெள்ளவத்தையில இருந்து கோட்டைக்குப் போகேக்க பழைய எபிசோட் ஒண்டைப் போட்டுட்டு, அவை நக்கலடிக்கிற அமைச்சர் ஆரெண்டே தெரியாம இருந்தன் (பக்கத்தில இருந்த அன்ரி என்னைப் பாத்துத்தான் சிரிச்சா).

எங்கட இலங்கையையே எடுங்கோ. 2022ல பெற்றோல் கியூவில நிண்ட ஆளுக்கு 'கியூஆர்' எண்டு ஒரு சொல்லுச் சொன்னாலே காணும், சிரிப்பு வந்திடும், ஆனா லண்டன்காரனுக்கு கியூஆர் கோட் காட்டித்தான் பெற்றோல் அடிச்சது, நம்பர் பிளேட் கடைசி இலக்கம், கிழமைக்கு இத்தனை லீட்டர் எண்டு எல்லாம் விளக்கோணும், விளக்கி முடியேக்க பகிடி செத்துப்போயிடும்.

அதாலதான் பாட்காஸ்ட்காரர் இடையில சினிமா, கிரிக்கெட் எல்லாம் இழுக்கிறது, அது கனபேருக்குத் தெரிஞ்ச சாமான்.

புதுசாக் கேக்கிறதெண்டா இந்தக் கிழமை எபிசோடில தொடங்குங்கோ, முதலாவதில இருந்து போகாதேங்கோ.