பனிப்பாறைகளுக்கு நடுவே துடுப்புப் போடலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் ஐஸ்லாந்தின் யோகுல்சார்லோன் என்ற பனியாற்று ஏரியில் கயாக் என்கிற சிறு துடுப்புப் படகு ஓட்டுவதைப் பற்றி எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, இங்கே பதில் சொல்கிறேன்.

"வயது 46, நீச்சல் சுத்தமாகத் தெரியாது. மகள் ஐஸ்லாந்துக்குக் கூப்பிடுகிறாள், பனிப்பாறைகளுக்கு நடுவே கயாக் ஓட்டலாம் என்கிறாள். நான் போகலாமா?" – வாசகி, மடிப்பாக்கம்

தாராளமாகப் போங்கள். கைடு கூடவே வரும் பயணங்களில் முதல்முறையாகத் துடுப்புப் பிடிப்பவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள், அவர்களுக்குக் கொடுக்கும் கயாக்கும் அகலமாக, லேசில் கவிழாத ரகமாகத்தான் இருக்கும், லைஃப் ஜாக்கெட் இல்லாமல் யாரையும் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். நீங்கள் பயப்பட வேண்டியது ஆழத்துக்கு இல்லை, குளிருக்கு. யோகுல்சார்லோன் ஏரி ஏறக்குறைய 248 மீட்டர் ஆழம், நம்ம அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தை ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு வைத்தாலும் உள்ளே போய்விடும், ஆனால் லைஃப் ஜாக்கெட் போட்டு மிதப்பவருக்கு இரண்டு மீட்டரும் ஒன்றுதான், இருநூறு மீட்டரும் ஒன்றுதான். தண்ணீர் கோடையிலும் பூஜ்யம் டிகிரியை ஒட்டியே இருக்கும். மெரினாவில் நாம் கால் நனைக்கிற கடல் 27, 28 டிகிரி. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த உடம்பு இப்படிப்பட்ட தண்ணீரில் விழுந்தால் முதலில் நடப்பது மூச்சுத் திணறல்தான். நம்மை அறியாமலே வாய் திறந்து பெரிதாக ஒரு மூச்சு இழுப்போம், அந்த நேரத்தில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது கதை.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1-10-1 என்று ஒரு கணக்கு உண்டு, அதை நீங்களும் மகளும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். விழுந்தால் முதல் 1 நிமிடம் மூச்சைச் சீராக்குவது மட்டுமே வேலை, வேறு எதையும் முயற்சி செய்யக் கூடாது. அடுத்த 10 நிமிடம் கை கால் சொன்னபடி கேட்கும், அதற்குள் கயாக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும், கைடு வந்து ஏற்றிவிடுவார். நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். ஆக, பதறாமல் இருந்தால் நேரம் இருக்கிறது. இதுவும் நல்ல உடை போட்டிருந்தால் இன்னும் நீளும், அதனால் பதிவு செய்யும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தருவது ட்ரை சூட்டா, இல்லை வேறு ஏதாவதா? ட்ரை சூட் என்றால் கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டை இறுக்கிப் பிடித்து, சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது. பதில் மழுப்பலாக வந்தால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள்.

"இன்ஸ்டாகிராமில் பலர் பனிப்பாறையைத் தொட்டுக்கொண்டு, சிலர் மேலேயே ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். கைடுகள் ஏன் கிட்டே விடுவதில்லை?" – கல்லூரி மாணவர், பெரம்பூர்

தம்பி, இந்தக் கேள்விக்குத்தான் நான் பக்கம் பக்கமாக எழுத ஆசைப்படுகிறேன். அந்தப் படங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

பனிக்கட்டியின் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அதனால் நீங்கள் மேலே பார்ப்பது பத்தில் ஒரு பங்கு, மீதி எல்லாம் கீழே. கீழே இருக்கும் பாகத்தைத் தண்ணீர் ஓயாமல் கரைத்துக்கொண்டே இருக்கிறது, அதுவும் ஒரே சீராக இல்லை, ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு. கரையக் கரைய எடை எங்கே குவிந்திருக்கிறது என்பது இடம் மாறுகிறது, ஒரு கட்டத்தில் அந்தப் பாறை முழுசாகப் புரண்டுவிடும். எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. அரை நாளாக அசையாமல் கிடந்த பாறை சில விநாடியில் தலைகீழாகும், அப்போது கீழே ஒளிந்திருந்த விளிம்பு உங்கள் கயாக்குக்கு அடியிலிருந்து மேலே வரும். மோதுவது ஒரு பக்கம் இருக்கட்டும், அது கிளப்புகிற அலையே போதும் ஆளைக் கவிழ்க்க.

அதனால்தான் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: பாறையின் நீளம், இல்லையென்றால் அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு, இதில் எது அதிகமோ அவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும். ஐந்து மீட்டர் உயரம், இருபது மீட்டர் நீளம் என்றால் இருபது மீட்டர் தள்ளி. நல்ல கைடு இதைவிடவும் அதிகமாகவே விடுவார், குறிப்பாகப் பனியாறு, அதாவது மெல்ல நகர்ந்து வரும் பெரிய பனித்திரள், ஏரியில் முடியும் அந்தச் சுவர் பக்கம். அங்கே பெரிய துண்டுகள் உடைந்து விழும்.

தள்ளி நின்றாலே பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. புதிதாகப் புரண்ட பாறையை உடனே கண்டுபிடித்துவிடலாம், வெயில் படாத அடிப்பாகம் மேலே வந்து, கண்ணாடி மாதிரி வழவழப்பாக, கருநீலமாக மின்னும். பழையது வெள்ளையாக, சொரசொரப்பாக இருக்கும். துடுப்பை மடியில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருந்தால் சடசடவென்று மெல்லிய சத்தம் கேட்கும், பனிக்குள் அடைபட்ட காற்றுக் குமிழிகள் கரையும்போது வெடிக்கிற சத்தம் அது. பெரிதாக விரிசல் விடும் சத்தம் கேட்டால் மட்டும் வேடிக்கை பார்க்காமல் கைடு சொல்கிற திசையில் துடுப்புப் போடுங்கள்.

2024 ஆகஸ்ட்டில் இந்த ஏரியில் வந்து முடியும் அதே பனியாற்றில், பிரெய்தாமெர்குர்யோகுல் என்று பெயர், சுற்றுலாக் குழு ஒன்று நின்ற இடத்தில் பனி இடிந்து விழுந்து ஒரு அமெரிக்கப் பயணி இறந்துபோனார். அது ஏரியில் இல்லை, பனியாற்றின் மேலேயே நடந்தது, ஆனால் கோடையில் பனியை நம்பக் கூடாது என்பது இரண்டுக்கும் பொது. "கிட்டே கூட்டிப்போகிறோம்" என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் போகாதீர்கள். இதை உங்கள் நண்பர்களுக்கும் சொல்லுங்கள்.

"பனி ஏன் நீலமாக இருக்கிறது? அந்த ஏரி எப்படி வந்தது?" – ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாப்பூர்

ஐயா, பனி வருடக்கணக்கில் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து அமுங்கும்போது உள்ளே இருக்கும் காற்று பெரும்பாலும் வெளியேறிவிடுகிறது. அப்படி இறுகிய கட்டி சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு நீலத்தை விட்டுவிடுகிறது. குமிழிகள் நிறைய இருந்தால் ஒளி சிதறி வெள்ளையாகத் தெரியும்.

ஏரிக்கு இன்னும் நூறு வயது ஆகவில்லை. 1930களின் தொடக்கம் வரை அந்தப் பனியாறு கிட்டத்தட்டக் கடல் வரைக்கும் வந்து நின்றது. அப்புறம் பின்வாங்க ஆரம்பித்தது, அது தோண்டி வைத்திருந்த பள்ளத்தில் உருகிய தண்ணீர் தேங்கியது. இப்போது அந்தத் தண்ணீர் ஒரு குட்டி ஆறாக, 1967இல் கட்டிய பாலத்துக்கு அடியில் ஓடி அட்லாண்டிக்கில் சேர்கிறது. ஓதம், அதாவது கடல் மட்டம், ஏறும்போது கடல்நீர் திரும்ப உள்ளே வரும், கூடவே மீன்கள், மீனைத் தேடிச் சீல்கள். ஆற்று முகத்தில் இழுவை பலமாக இருப்பதால் கயாக்குகளை அந்தப் பக்கம் விடுவதில்லை.

"பனியாறு உருகியதால் வந்த ஏரியை விமானத்தில் பறந்துபோய்ப் பார்ப்பது சரியா?" – பத்தாம் வகுப்பு மாணவி, அண்ணா நகர்

நல்ல கேள்வி, கண்ணு. இதற்குச் சமாதானம் சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. விமானப் புகைக்கும் அந்த உருகலுக்கும் சம்பந்தம் இருக்கிறது. ஐஸ்லாந்திலேயே ஓக் என்ற பனியாறு இனி பனியாறே இல்லை என்று 2014இல் அறிவித்தார்கள், 2019இல் அங்கே ஒரு நினைவுப் பலகையும் வைத்தார்கள். இந்த ஏரியும் வருடா வருடம் பெரிதாகிக்கொண்டே போகிறது. என் கருத்து, போவதென்றால் ஒருமுறை போங்கள், பத்து நாளாவது தங்குங்கள், மூன்று நாள் பயணமாக ஓடிப்போய்ப் படம் எடுத்துவிட்டு வருவதற்காகப் போகாதீர்கள். போகாமல் இருப்பதும் மரியாதையான முடிவுதான். உன் வயதில் இதை யோசிப்பதே எனக்கு சந்தோஷமாக இருக்கிறது.

"கயாக்குக்கு என்ன உடை எடுத்துப்போவது? சென்னையிலேயே பழகிக்கொள்ள வழி உண்டா?" – வாசகி, தாம்பரம்

முதலில் பருத்தியை மறந்துவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்குப் பருத்தியை மிஞ்ச எதுவும் இல்லை, ஆனால் அங்கே துடுப்புப் போட்டு வியர்த்ததும் பருத்தி பனியன் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ட்ரை சூட்டுக்குள்ளேயே நடுங்க வேண்டியதுதான். கம்பளியோ செயற்கை இழைத் தெர்மல் உள்ளாடையோ போட்டு, அதன்மேல் ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற கதகதப்புச் சட்டை. வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றி வையுங்கள், மணிக்கட்டு ரப்பர் அதில் மாட்டினால் கிழிந்துவிடும், கிழிந்தால் சூட் போட்டும் பயனில்லை. தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராதவர்கள் கழுத்துப் பட்டைக்குக் கீழே முழுசாக உள்ளே போகும்படி இறக்கிவிடுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் கயிறு கட்டுங்கள். சூட் மாட்டும் முன் கழிவறைக்குப் போய்விட்டு வந்துவிடுங்கள், இது ரொம்ப முக்கியம்.

பழக முட்டுக்காடு, கோவளம் பக்கம் போங்கள், கயாக் கற்றுத்தருகிறவர்கள் இருக்கிறார்கள். அதிகாலையில், காற்று எழும்பும் முன் போனால் நல்லது. தோளால் இழுக்காமல் இடுப்பைத் திருப்பித் துடுப்புப் போடப் பழகுங்கள், வேண்டுமென்றே கவிழ்ந்து வெளியே வரவும் ஒருமுறை பழகிவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அது விளையாட்டு மாதிரிதான் இருக்கும்.

"எப்போது போவது? கூட்டம் இல்லாத ஏரி வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி, அவரால் கயாக்கில் உட்கார முடியாது." – வாசகர், வளசரவாக்கம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடையில் நெரிசல் அதிகம் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம். தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து ஏரிக்கு ஏறக்குறைய 370 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்த் திரும்பத் திட்டம் போடாதீர்கள், பக்கத்தில் ஹோப்ன் ஊரிலோ வழியிலோ தங்குங்கள்.

கூட்டம் வேண்டாம் என்றால் ஹெய்னபெர்க்ஸ்லோன் என்ற இன்னொரு பனியாற்று ஏரிக்குப் போங்கள், பிரதான சாலையிலிருந்து மண் சாலையில் உள்ளே போக வேண்டும், அமைதியாக இருக்கும். இன்னும் தொலைவு வேண்டுமென்றால் அலாஸ்காவில் ஸீவர்டு ஊருக்கு அருகே பேர் பனியாற்று ஏரி, அங்கே படகிலோ ஹெலிகாப்டரிலோதான் போய் இறங்க முடியும், ஆனால் அதற்கு அமெரிக்க விசா வேண்டும்.

அப்பாவை யோகுல்சார்லோனுக்கே கூட்டிப்போங்கள். அங்கே தரையிலும் தண்ணீரிலும் ஓடும் பெரிய படகு இருக்கிறது, கரையிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டால் அதுவே ஏரிக்குள் இறங்கும், முழங்காலுக்குப் பெரிய சிரமம் இருக்காது. நீங்கள் கயாக்கில் போகும் நேரத்துக்கே அவருக்கும் டிக்கெட் எடுத்துவிடுங்கள். முடிந்ததும் பாலத்துக்கு அந்தப் பக்கம் கருமணல் கடற்கரைக்குப் போகலாம், ஆற்றில் அடித்துப்போன பனித்துண்டுகள் அங்கே ஒதுங்கிக் கிடக்கும். அலைக்குப் பக்கத்தில் கிடக்கும் துண்டுகளின்மேல் மட்டும் அவரை ஏறவோ உட்காரவோ விடாதீர்கள், அட்லாண்டிக் அலை சொல்லாமல் கொள்ளாமல் மேலேறி வந்து அவற்றை உருட்டிவிடும்.